கிழிசலையும் சேர்த்து அச்சடித்து விற்கிறார்கள்: பழைய அமெரிக்க போஸ்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் இணையத்தில் 450 டாலர் கொடுத்து ஒரு கண்காட்சி போஸ்டர் வாங்கினேன். "1938, டபிள்யூ.பி.ஏ. ஒரிஜினல், சில்க் ஸ்க்ரீன்" என்று போட்டிருந்தார்கள். டபிள்யூ.பி.ஏ. என்பது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்த அமெரிக்க அரசு அமைப்பு. சில்க் ஸ்க்ரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளி அடிக்கும் முறை. வந்தது நகல். அதே ஆள் அதே படத்தை மறுபடி விற்பனைக்குப் போட்டிருப்பதை நேற்றுப் பார்த்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இந்தப் போஸ்டர்கள் மேல் எனக்குப் பல வருட ஆசை. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் பிழைப்பை இழந்தவர்களில் ஓவியர்களும் உண்டு. ரூஸ்வெல்ட் அரசு 1935இல் டபிள்யூ.பி.ஏ.வைத் தொடங்கியபோது, அதற்குள்ளேயே ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்று ஒன்றை வைத்து அவர்களுக்கும் சம்பளம் கொடுத்தது. ஓவியக் கண்காட்சி, நாடகம், மிருகக்காட்சிசாலை, தொழிற்சாலை விபத்து, சிபிலிஸ் பரிசோதனை என்று எல்லாவற்றுக்கும் போஸ்டர் செய்தார்கள். முதலில் கையால்தான் வரைந்தார்கள். நியூயார்க்கில் ஆன்டனி வெலோனிஸ் சில்க் ஸ்க்ரீன் முறையைக் கொண்டுவந்த பிறகு நூற்றுக்கணக்கில் அடிக்க முடிந்தது. 1943இல் திட்டம் முடிவதற்குள் 35,000 டிசைன்கள், சுமார் 20 லட்சம் பிரதிகள். இன்றைக்கு மிஞ்சியிருப்பதாகத் தெரிவது ஏறக்குறைய 2,000தான். அதிலும் 900க்கு மேல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸிடம் இருக்கின்றன. அப்படியென்றால் விற்பனைக்கு எத்தனை வந்துவிடும்? பணம் அனுப்பும் முன் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, எப்படித் தெரிந்தது? படத்தின் வலது மூலையில் ஒரு சின்னக் கிழிசல், அதைச் சுற்றிப் பழுப்புக் கறை. அதைப் பார்த்துத்தான் பழசு என்றே நம்பினேன். ஃபிரேமைப் பிரித்து அந்த இடத்தை விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. காகிதம் கிழியவே இல்லை. கிழிசலும் அச்சு! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிவப்பு, நீலம் எல்லாமே பொடிப் பொடிப் புள்ளிகள். சில்க் ஸ்க்ரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை இழுப்பார்கள். மை கனமாகப் படிந்திருக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறியிருப்பது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரியும்.

அப்புறம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் தேடினேன். அவர்களிடம் உள்ள போஸ்டரின் படத்தில் அதே கிழிசல், அதே கறை. பெரிய கோப்பாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை அச்சடித்து, நகல் என்று சொல்லி 20 டாலருக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரிஜினல் என்று விற்பது மோசடி.

தேசியப் பூங்கா போஸ்டர் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 1938 முதல் 1941 வரை கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செய்தவை 14 டிசைன்கள் மட்டுமே. அதே பாணியில் மற்ற பூங்காக்களுக்கு இருப்பவை பிற்காலத்தவை.

வாங்கும் முன் பின்பக்கப் படமும், விளிம்பை நெருக்கத்தில் எடுத்த படமும் கேளுங்கள். நானும் கேட்டேன். "ஃபிரேமைப் பிரித்தால் சேதமாகிவிடும்" என்றார், விட்டுவிட்டேன். கார்டிலும் நான் கட்டவில்லை. 30 டாலர் குறைக்கிறேன் என்றதால் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பினேன். இப்போது அந்தப் பணத்தைத் திருப்ப வழியில்லை என்கிறது வங்கி. விற்றவர் பதிலே போடுவதில்லை.