ஒகேனக்கல் பரிசல்: தண்ணி நிலவரம் பார்த்துவிட்டுப் போங்க

தருமபுரியிலேயே குடியிருந்தும் பரிசலில் ஏறாமலே காலத்தை ஓட்டியவன் நான். போன ஐப்பசியில் அம்மா பிடிவாதம் பிடித்ததால்தான் போனோம். முதலில் ஆடிப் பதினெட்டுக்குத்தான் கேட்டார். அன்றைக்கு அங்கே கால் வைக்க இடமிருக்காது. போதாததற்கு கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் பரிசலும் கிடையாது, குளிக்கவும் விடமாட்டார்கள். அதனால் கிளம்புவதற்கு முன், காவிரி தமிழகத்துக்குள் வரும் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். 2018 உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்புப்படி நமக்கு வரவேண்டிய 177.25 டி.எம்.சி.யை அளப்பதும் அந்த இடத்தில்தான்.

ஐப்பசி என்றதும் அம்மா சமாதானமாகிவிட்டார். துலா மாதத்தில் கங்கை உட்பட எல்லா நதிகளும் காவிரியில் வந்து முங்குவதாக ஐதீகம், அதற்காக மாயவரம் வரை போகிறவர்கள் உண்டு, நமக்குப் பென்னாகரம் தாண்டினால் ஆறு.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய வட்டக்கூடை, அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் தந்தார்கள். ஒன்றில் கொக்கி உடைந்திருந்தது, கேட்டதும் மாற்றினார்கள், ஆனால் கேட்கவேண்டியிருந்தது. பாறை இடுக்குக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை, மேலே சாரல் புகையாக நிற்கிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, பேர் வந்த காரணம் அங்கே கண்ணுக்கு முன்னால் தெரியும். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு ஓரமாகச் சாய, பரிசல் ஒரு சாய் சாய்ந்தது பாருங்கள்! பரிசல்காரர் துடுப்பை ஊன்றி நிறுத்திவிட்டு, "அம்மா, அசையாம உக்காருங்க, நான் மொண்டு தர்றேன்" என்று வாங்கி நிரப்பிக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு முழு மார்க்.

இது எங்கேயிருந்து வருதுப்பா என்று அம்மா கேட்க, "குடகும்மா" என்றார் அவர். தலைக்காவிரி, பிரம்மகிரி மலையில் கிட்டத்தட்ட 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அகத்தியர் கமண்டலத்தைக் காக்கையாக வந்த பிள்ளையார் கவிழ்த்த கதை அம்மாவுக்குத் தெரியும், அவரே பரிசல்காரருக்குச் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம் என்று மூன்று தீவிலும் ரங்கநாதர் படுத்திருக்கிறார். நாங்கள் மிதந்துகொண்டிருந்தது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். இங்கே கரையில் இருப்பது தேசநாதேஸ்வரர், சிவன். "பெருமாள் தூங்கட்டும்னு இவர் முழிச்சிட்டிருக்காரு போல" என்றார் அம்மா.

குறை சொல்லியே ஆகவேண்டும். குளிக்கிற இடத்தில் பரிகாரம் என்று கழற்றிப்போட்ட பழைய துணிகள் பாறையில் சுற்றிக்கிடக்கின்றன, பக்கத்திலேயே ஷாம்பு பாக்கெட். ஆற்றைத் தாய் என்று கும்பிட்டுவிட்டு அவள் தலையிலேயே அழுக்குத்துணியைப் போடுவது எந்த சாஸ்திரம்? ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை இதற்காகக் குறைக்கிறேன், பரிசலுக்காக இல்லை. எண்ணெய் மசாஜுக்குக் கூப்பிடுவார்கள், விலையை முதலிலேயே பேசிவிடுங்கள். மீன் வறுவல் நன்றாக இருந்தது, காரம்தான் கொஞ்சம் அதிகம். குளித்த பிறகு சாப்பிடுங்கள்.

திரும்பும்போது அம்மா சொம்பை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பென்னாகரம் போகிற மலைப்பாதை வளைவில் பஸ் ஒடித்ததும் பாதிக் காவிரி என் சட்டையில். "சரி விடு, நீ முங்காம வந்த இல்ல" என்றார்.