லாக் ஓபரான்: பிரித்துப் பார்ப்பதா, சேர்த்துப் பார்ப்பதா?

குளுக்கோஸ் இருக்கும்வரை ஈ. கோலை பாக்டீரியா லாக்டோஸைச் சீண்டுவதில்லை. குளுக்கோஸ் தீர்ந்து லாக்டோஸ் மட்டும் மிஞ்சினால்தான் அதைச் செரிக்க உதவும், ஒரே தொகுப்பாக இயங்கும் மரபணுக்கள் (லாக் ஓபரான்) விழித்துக்கொள்கின்றன. இதை விளக்க இரண்டு வழிகள் உண்டு: உதிரிகளைப் பிரித்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

பிரித்துப் பார்க்கும் பழைய வழி பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் உருவானது. ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அதன் சாரம். லாக்-ஐ என்ற மரபணு கெட்டுப்போனால் லாக்டோஸ் இல்லாமலே அதைச் செரிக்கும் நொதி உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். நல்ல பிரதி ஒன்றை உள்ளே செலுத்தினால் நின்றுவிடும். ஆக, அந்த மரபணு ஏதோ ஒரு தடுப்பானை உண்டாக்குகிறது. அதைக் கண்ணால் காணாமல், வாதத்தாலேயே பிடித்தார்கள் பிரான்சுவா ஜாக்கோப்பும் ஜாக் மோனோவும். 1961-இல் அது ஆர்என்ஏவாக இருக்கலாம் என்றுதான் கருதினார்கள். புரதம் என்பது 1966-இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தபோது உறுதியானது. எது காரணம், எது விளைவு என்ற கேள்விக்கு இன்றும் இதைவிட நேர்மையான வழி இல்லை என்பேன்.

சரி, இந்த வழி எங்கே தடுமாறுகிறது? தூண்டியை, அதாவது தடுப்பானை விலக்கி மரபணுக்களை இயக்கும் பொருளை, நடுத்தர அளவில் கொடுத்தால் எல்லாச் செல்களும் பாதி வேகத்தில் நொதி செய்யும் என்றுதானே நினைப்போம்? 1957-இலேயே நோவிக், வைனர் என்ற ஆய்வாளர்கள் கண்டது வேறு: சில செல்கள் முழு வேகத்தில் இயங்கின, மற்றவை சும்மா இருந்தன. மரபணுக்களும் ஒன்றே, ஊடகமும் ஒன்றே. உதிரிப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் இதற்கு விடை வராது.

இங்கேதான் சிஸ்டம்ஸ் பயாலஜி, அதாவது உதிரிகளைச் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு உயிரியல், கைகொடுக்கிறது. தூண்டியை உள்ளே கடத்தும் புரதமும் இதே ஓபரானில்தான் இருக்கிறது. அது கொஞ்சம் உருவானால் தூண்டி கூடுதலாக உள்ளே வரும். அதனால் கடத்தியும் இன்னும் பெருகும். இந்தச் சுழலைச் சமன்பாடாக எழுதினால் இரண்டு நிலைகள் தாமாகவே வந்து விழுகின்றன. எந்தச் செல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் தற்செயலுக்குப் பங்குண்டு: தடுப்பான் டிஎன்ஏவை விட்டு முழுவதுமாகக் கழன்றுபோகும் ஒரே ஒரு நிகழ்வு போதும் என்று 2008-இல் ஹார்வர்டில் காட்டினார்கள்.

ஆனால் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே படத்தில் கோடு கோடாக இழுத்துவிட்டு அதையும் அமைப்பு உயிரியல் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. லாக் ஓபரானின் கணித மாதிரி எடுபட்டதற்குக் காரணம், ஒவ்வொரு உதிரியும் என்ன செய்கிறது என்று பழைய வழி முன்பே சொல்லிவைத்திருந்ததுதான்.

இன்னொன்று: இந்த இருநிலைச் சோதனைகள் பெரும்பாலும் டிஎம்ஜி என்ற, செல்லால் செரிக்க முடியாத செயற்கைத் தூண்டியில் நடந்தவை. லாக்டோஸிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லாக்டோஸைச் செல் தின்று தீர்த்துவிடும், கணக்கும் மாறிவிடும்.