ஃபாக் லேம்ப் மாட்டப் போய் ரூ.18,400 போச்சு: "ரிலே போட்டிருக்கோம் சார்"னு சொன்னா நம்பிடாதீங்க

முந்தாநாள் ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹேட்ச்பேக் வண்டி. அடுத்த மாசம் கொடைக்கானல் போகிறோம், மேலே பனி இருக்கும் என்று மூன்று வாரம் முன்னால் ஃபாக் லேம்ப் ஒரு ஜோடியும், ஆசைக்கு ஒரு ஜோடி ஹாரனும் மாட்டினேன். சீட் கவர், மேட், லைட் எல்லாம் விற்கிற ஒரு கார் அலங்காரக் கடை. மச்சான் சொல்லி அனுப்பிய இடம். பொருள், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ரூ.5,900.

ஒன்றும் தெரியாமல் போகவில்லை. லைட்டுக்குப் போகிற மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகப் போனால் ஸ்விட்ச் உருகும், நடுவில் ரிலே (ஸ்விட்சிலிருந்து வருகிற சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற டப்பா) வேண்டும் என்கிற அளவுக்குத் தெரியும். அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு ரிலேயை எடுத்தார். கல்லா பக்கத்தில் கிடந்த பேட்டரியிலிருந்து இரண்டு வயரை 85, 86 என்று போட்டிருந்த கால்களில் வைத்தார். டிக். எடுத்தார். டிக். "கேட்டீங்களா சார் சத்தத்தை? ரிலே, ப்யூஸ் எல்லாம் போட்டு கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே பண்ணித் தர்றோம்." அந்த டிக்குக்கு மயங்கினவன்தான் நான்.

லைட் எரியும்போதே கடைப் பையன் ஹாரனை அடித்துப் பார்த்தான். ப்யூஸ் போனது. சிவப்பு, 10 ஆம்பியர். இன்னொன்று போட்டான், அதுவும் போனது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன். "சரி பண்ணிட்டேண்ணே" என்றான். எப்படிடா சரி பண்ணினே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திருச்சியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறோம். துவரங்குறிச்சி தாண்டினதும் ரப்பர் கருகுகிற நாற்றம். அடுத்த நிமிஷம் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. ஓரம் கட்டி சாவியைப் பிடுங்கினேன், புகை நிற்கவில்லை. பின் சீட்டில் தூங்கின பிள்ளையை என் மனைவி இழுத்துக்கொண்டு இறங்கினாள். பேட்டரியைக் கழற்ற என்னிடம் ஸ்பேனர் இல்லை. பின்னால் வந்த லாரி டிரைவர் அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடி வந்து நெகட்டிவைக் கழற்றினார். அவர் இல்லையென்றால் வண்டியே இல்லை.

ரெக்கவரி வண்டிக்கு ரூ.3,500. கருகின வயரிங்கை மாற்ற ரூ.9,000. ஆக மொத்தம் ரூ.18,400.

எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினபோது வயிறு எரிந்தது. ரிலே இருந்தது, ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது. ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றித் தொங்கியது. பேட்டரியிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து நூல் மாதிரி மெல்லிய ஒரே ஒரு வயர். 55 வாட் பல்பு இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர் வேண்டும், ஹாரன் ஜோடியையும் அதே வயரில் சேர்த்தால் 10 ஆம்பியர் ப்யூஸ் எப்படித் தாங்கும்? பையன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? ப்யூஸ் ஹோல்டரையே வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் முறுக்கி டேப் ஒட்டிவிட்டான்! இதுதான் "சரி பண்ணிட்டேண்ணே". அந்த வயர் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம்கூட இல்லாமல் உரசி உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. நேர் பேட்டரி கரண்ட், சாவியை எடுத்தால் எப்படி நிற்கும்?

நேற்றுக் காலை போன் போட்டேன். "உங்க வண்டி பழசு சார், கம்பெனி வயரிங்லதான் ஃபால்ட் இருக்கும்." மத்தியானம் போட்டால், "ஓனர் வெளியூர்ல இருக்காரு, திங்கக்கிழமை வாங்க." இன்று நேரில் போனேன். வெளியூரில் இருக்கிற ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கருகின வயரை மேசைமேல் போட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ப்யூஸ் போட்டுத்தான் குடுத்தோம். வெளியில யாரோ கை வெச்சிருக்காங்க. வேணும்னா ஒரு ரிலே ஃப்ரீயா தர்றேன், எடுத்துட்டுப் போங்க." ரூ.18,400க்கு ஒரு ரிலே! பில் கேட்டால், வெள்ளைத் துண்டுச் சீட்டில் 5,900 என்று கிறுக்கினதுதான் பில்லாம்.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ப்யூஸ் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வயர் தாங்குகிற அளவுக்குத்தான் ப்யூஸ், அடிக்கடி போகிறதே என்று பெரிசாகப் போட விடாதீர்கள். லைட்டுக்குத் தனி, ஹாரனுக்குத் தனி. ரிலே பேட்டரி பக்கமே இருக்கட்டும், உள்ளே ஸ்விட்ச் வயர் மட்டும் வந்தால் போதும். ஃபிட்டிங் முடிகிறவரை டீ குடிக்கப் போகாதீர்கள். டிக்கியில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டு வையுங்கள்.

என் டிக்கியில் இப்போது அந்த ஃபாக் லேம்ப் இரண்டும்தான் கிடக்கின்றன. கொடைக்கானலுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள் அவள்.