தேனுக்கு எந்தக் கரண்டி, எந்தப் பாத்திரம்?

"ஏட்டி, சில்வர் கரண்டிய உள்ள விடாத, தேன் செத்துப் போயிரும்." அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டு அடுக்களையில் இதைக் கேட்டே வளர்ந்தேன். சிரட்டை அகப்பையில்தான் தேன் எடுப்பாள். ஆனால் பாபநாசம் மலையிலிருந்து வந்த அந்தத் தேன் மாதக்கணக்கில் கிடந்தது பித்தளைச் செம்பில். ஒருநாள் தேய்க்க எடுத்தபோது பார்த்தேன்: தேன் தொட்டு நின்ற மட்டத்தில், செம்பின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். களிம்பு.

கரண்டியா, பாத்திரமா என்று கேட்டால் பாத்திரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தேனும் புளிப்புதான், இனிப்பு தூக்கலாக இருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை. அதன் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) சராசரியாக 3.9, தயிரைவிடச் சற்றுக் கூடுதல் புளிப்பு. செம்பு, பித்தளை, இரும்பு, அலுமினியம் எதில் நாள்கணக்கில் கிடந்தாலும் அந்த அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரண்டி உள்ளே போய் வருவதோ சில நொடி. அதுவும் எவர்சில்வர் என்றால் மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. தேனின் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. தேனீ வளர்ப்பவர்கள் அடையைச் சுழற்றித் தேன் பிரிக்கும் இயந்திரத்தின் உருளையே இப்போது பெரும்பாலும் எவர்சில்வர்தான்.

சில்வர் கரண்டிக்கும் மரக்கரண்டிக்கும் போட்டி என்றால் நான் சில்வர் பக்கம். மரம் தேனைக் கெடுக்காது. ஆனால் கழுவிய மரக்கரண்டி தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சிரட்டை அகப்பையில் காம்பு செருகிய இடத்திலும் அப்படித்தான். சில்வரை ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது. தேன் கெடாமல் இருப்பதே அதில் தண்ணீர் குறைவு என்பதால்தான். 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. தேன் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலே மேல்பக்கம் நீர்த்து, நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். அதனால் பெரிய பாட்டிலை மூடியே வைத்துவிட்டு, தினசரிக்கு ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறேன்.

கண்ணாடி, மண், பிளாஸ்டிக் மூன்றில் எனக்குக் கண்ணாடிதான். காருக்குறிச்சிப் பானையில் தண்ணீர் குளிர்வது அதன் நுண்துளை வழியாக நீர் கசிந்து ஆவியாவதால்; அதே துளை தேனுக்கு ஆகாது. உணவுக்கான பிளாஸ்டிக் பாட்டில் மலையிலிருந்து கொண்டுவர வசதி, வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். உறைந்தால் வெந்நீரில் வைக்க வேண்டிவரும்போது கண்ணாடி நெளியாது.

உறைவது என்றதும் ஃபிரிட்ஜ் நினைவுக்கு வருகிறது. அலமாரியா, ஃபிரிட்ஜா? சாதாரணத் தேனுக்கு அலமாரி போதும், அடுப்பு மேடையும் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். குளிரில் அதிலுள்ள குளுக்கோஸ் ரவை போல உறையும். 10 முதல் 15 டிகிரிக்குள் மிக வேகமாக. அதைப் பார்த்து "சீனிப்பாகு கலந்துட்டான்" என்று தேன் கொண்டுவந்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம். சுத்தமான தேனும் உறையும். கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் ஏற்றினால் மணமும் நொதிகளும் போய்விடும்.

கொட்டாத குட்டித் தேனீக்கள் சேர்க்கும் கொசுத்தேனுக்கு மட்டும் என் தீர்ப்பு தலைகீழ். அதில் இயல்பிலேயே தண்ணீர் கூடுதல், புளிப்பும் கூடுதல். ஒருமுறை அதைக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடி அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்ததும் 'புஸ்'ஸென்று பொங்கி, அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் முழுக்க வழிந்தது. அதிலிருந்து கொசுத்தேன் ஃபிரிட்ஜில்தான், பாட்டிலில் இரண்டு விரல் இடம் விட்டு.

போன மாதம் மதினி பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க, அதாவது நாக்கில் முதல் இனிப்பு தொட்டு வைக்க, தேன் கேட்டார். தங்க மோதிரத்தில் தொட்டு வைக்கவா, வெள்ளிச் சங்கிலா என்று வீட்டில் ஒரே பேச்சு. இரண்டும் வேண்டாம் மதினி என்றேன். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம்; பெரியவர்கள் குடல் தாங்கும், ஒரு வயது ஆகாத குழந்தையின் குடல் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. மதினிக்கு முகம் வாடிவிட்டது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நானே தேனோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.