கையாலேயே கீறல் எடுத்துத் தருகிறோம் என்றார்கள், 4,800 ரூபாய் போச்சு

கறுப்பு கார் வேண்டாம் என்று மச்சான் தலைபாடாக அடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. நாலு வருடத்தில் அதன் பலன் தெரிந்தது. பகலில் நிழலில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை கட்டியது போல் கீறல்கள். ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். பெயர்தான் சுழல், கீறல் ஒன்றும் வட்டமாக இருக்காது. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் மெல்லிய கோடுகளில், விளக்கைச் சுற்றி அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது.

காரணம் வெளியே இல்லை. எங்கள் அபார்ட்மென்டில் கார் துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரில் எட்டு கார் துடைப்பார். துணி என் பழைய பனியன். நானே கொடுத்தது.

சரி, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த, காரைக் கழுவிப் பாலிஷ் போட்டுத் தரும் ஒரு டீடெய்லிங் கடைக்குப் போனேன். (இது கோவையில். பெயர் வேண்டாம், இதே கதை எந்த ஊரிலும் நடக்கும்.) "மெஷின் போட்டா பெயின்ட் சூடாயிருங்ண்ணா. நாங்க கையிலயே எடுத்துருவோம், நூறு சதவீதம் போயிரும்" என்றார் கடைக்காரர். பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். தெரியாதவர் கையில் பாலிஷ் மெஷின் ஆபத்துதான். ஆனால் கையால் தேய்த்து லேசான கீறல்களைக் குறைக்கலாமே தவிர, நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலையெல்லாம் எடுக்க முடியாது. நூறு சதவீதம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே கிளம்பியிருக்க வேண்டும்.

4,800 ரூபாய். பில் கேட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்றார்கள். மிச்சம் என்று நினைத்துப் பில் வாங்காமல் விட்டேன்.

சாயங்காலம் கார் கண்ணாடி மாதிரி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம், ஷாம்பு போட்டு இரண்டாவது முறை கழுவிய அன்று, பழைய வலை அப்படியே திரும்பி வந்தது. கீறலை அவர்கள் எடுக்கவே இல்லை, கிளேஸ் போட்டு அடைத்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சரக்கு கீறலுக்குள் உட்கார்ந்து ஒளி சிதறாமல் மறைக்கும், கழுவக் கழுவக் கரைந்து போகும். கிளேஸ் தப்பான பொருள் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டால் காரியம் ஆகும். கீறல் எடுத்தோம் என்று சொல்லிப் போட்டதுதான் மோசடி.

நான் அதோடு விட்டிருக்கலாம். திரும்பிப் போய்ச் சத்தம் போட்டேன். "ஃப்ரீயா பண்ணித் தர்றோங்ண்ணா" என்று ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் ரப்பிங் காம்பவுண்டை, அதாவது பெயின்டைத் தேய்த்தெடுக்கும் சொரசொரப்பான பசையை, பனியன் வேஸ்டில் அள்ளி, டோரில் ஓடும் மடிப்புக் கோட்டின் மேல் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் துணியில் கறுப்பு ஏறியது. "அழுக்குங்ண்ணா" என்றான். அப்போதுதான் கழுவிய கார்!

என் காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் இருக்கிறது. அதற்கு நிறமே கிடையாது. தேய்த்தால் துணியில் வெளுப்பாகத்தான் வர வேண்டும், கறுப்பு வந்தால் அந்த அடுக்கைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். (கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் நிறம் வருவது சகஜம், அது வேறு.) இந்த அடுக்கு பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. விளிம்பிலும் மடிப்பிலும் அதைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அங்கே இப்போது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல். பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது, அந்த டோருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். பானெட்டில் பழைய வலைக்கு மேல் விரல் விரலாகக் காம்பவுண்ட் தடம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

யாராவது இந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் பானெட்டில் ஓரடிச் சதுரம் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் கையோடு கொண்டு போங்கள், மொபைல் ரிப்பேர்க்காரர்கள் போர்டு துடைப்பது அதுதான். அதைச் சம அளவு தண்ணீரில் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து அந்தச் சதுரத்தை மெதுவாகத் துடையுங்கள். கிளேஸ் இருந்தால் கலைந்துவிடும். அப்புறம் நிழலில், மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வலை திரும்பினால் நடையைக் கட்டுங்கள். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடைக்கும் அதே மரியாதைதான்.

மிச்சமிருந்ததை நானே ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சரிசெய்தேன். ஃபோம் பேட், பட்டாணி அளவு ஃபைன் பாலிஷ், உள்ளங்கை பரப்பில் மிதமான அழுத்தம், ஒரு தடவைக்கு ஒன்றரை அடிச் சதுரம். பானெட்டுக்கு மட்டும் இரண்டு ஞாயிறு ஆனது. தோள் வலிதான் மிச்சம், ஆனால் காம்பவுண்ட் தடம் போய்விட்டது. வலை பாதி குறைந்திருக்கிறது. டோர் மங்கலைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாக வைத்து நிறுத்துகிறேன்.

கார் துடைப்பவரிடம் இனி என் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பளத்தை நிறுத்தவில்லை, பனியனை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.