கோவையில் கார் எடுத்து ஊட்டிக்கு: செல்ஃப் டிரைவ் வாடகையும் பெட்ரோல் கணக்கும்

கோவையில் செல்ஃப் டிரைவ் கார் கொடுப்பவர்களுக்கு இப்போது பஞ்சமில்லை. செயலியில் புக் செய்தால் வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. நான்கு பேர் சேர்ந்து ஊட்டி போனால் டாக்சியைவிடத் தோதாகவும் இருக்கும். ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் நாள் வாடகையை மட்டும் பார்த்து எடுத்தால் கணக்கு இடிக்கும். மலைப் பயணத்துக்கு வாடகையைவிட எரிபொருள் நிபந்தனைதான் முக்கியம். எந்த நிறுவனம் நல்லது என்று எங்களைக் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கிற பக்கத்தைத்தான் புரட்டச் சொல்வோம்.

நடைமுறையில் மூன்று விதம் இருக்கிறது. பெட்ரோலையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது ஒன்று. அந்தக் கட்டணம் சமவெளி மைலேஜை வைத்துப் போட்டிருந்தால் மலைக்குப் போகிறவருக்கு லாபம். அதனால் மலைக்கும் அதே கட்டணம்தானா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டேங்க் டு டேங்க்: நிரப்பிக் கொடுப்பார்கள், நிரப்பித் திருப்ப வேண்டும். இதுதான் நேர்மையான முறை, வாடகை நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் இதையே எடுக்கலாம். மூன்றாவது, கொடுத்த அளவில் திருப்பித் தருவது. அதிகம் புழங்குவதும் இதுதான், தகராறு வருவதும் இதில்தான்.

காரணம் பெட்ரோல் மீட்டரில் இருக்கிறது. ஸ்விஃப்ட் டேங்க் 37 லிட்டர். மீட்டரில் எட்டுக் கட்டம் என்றால் ஒரு கட்டம் ஏறக்குறைய நாலரை லிட்டர். நான்காவது கட்டம் அணையப்போகிற நிலையில் வண்டியை வாங்கினாலும் ரசீதில் "4 கட்டம்" என்றுதான் எழுதுவார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டியதும் மூன்றாகிவிடும். ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரில் தெரியாததால், திருப்பும்போது நான்கைக் காட்ட வேண்டுமே என்று நாம் பயன்படுத்தாத நாலு லிட்டர் வரை கூடுதலாக ஊற்றிவிட நேரும். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. எடுத்த சில கிலோமீட்டருக்குள் கட்டம் விழுந்தால், ஓடோமீட்டரும் கட்டமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து அப்போதே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் சொன்னால் எடுபடாது.

வண்டி சரிவில் நின்றாலும் அளவு மாறும். டேங்குக்குள் இருக்கிற மிதவை, பெட்ரோல் ஒதுங்கும் பக்கத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ காட்டும். ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறி நிற்கிற வண்டியில் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். சமதளத்துக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பி அரை நிமிடம் விட்டு, பிறகு பாருங்கள்.

இனி மலைக் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆளும் பெட்டியும் சேர்த்து 1,300 கிலோ வண்டியை 1,900 மீட்டர் உயரம் தூக்க 24 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும் இன்ஜின் அதில் கால்பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக, தூக்குவதற்கு மட்டும் 3 லிட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டர் சாலையை ஓட்ட வழக்கமாக ஆகும் 3 லிட்டர் தனி. மொத்தம் 6 லிட்டருக்குக் குறையாது, அதாவது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். சமவெளியில் 16 கொடுத்த வண்டி மேலே போகும்போது பாதியாகிவிட்டதென்றால் வண்டியில் கோளாறில்லை. சீசனில் குன்னூர் ஏறும் வழியில் வரிசையில் நின்றால் ஏசியோடு மணிக்கு ஒரு லிட்டர் வரை சும்மாவே போகும்.

முழுப் பயணத்துக்கும் 1.2 லிட்டர் இன்ஜின் உள்ள பெட்ரோல் கார் ஒன்றுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரண்டரை லிட்டர், ஏற்றம் ஆறரை, மேலே தொட்டபெட்டா, பைக்காரா, அவலாஞ்சி என்று 120 கிலோமீட்டர் சுற்றினால் பதினொன்று, இறக்கம் ஒன்றரை முதல் இரண்டு, மறுபடி கோவைக்கு இரண்டரை. எல்லாம் சேர்த்து 25 லிட்டருக்குள் அடங்கும். கீழே டேங்கை நிரப்பினால் மலையில் பங்க்கைத் தேட வேண்டிய தேவையே இல்லை. மேலே விலையும் கொஞ்சம் கூடுதல். மலையடிவாரத்தில் இருக்கிற கல்லாறைத் தாண்டினால் குன்னூர் வரை பங்க் கிடையாது, அவலாஞ்சிப் பக்கம் போகிறவர்கள் ஊட்டியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் வீணாகிற இடம் எது தெரியுமா? ஊட்டியிலிருந்து கிளம்பும் காலை. டேஷ்போர்டில் "இன்னும் 70 கி.மீ." என்று காட்டும், கோவையோ 85 கிலோமீட்டருக்கு மேல். பதறிப்போய்ப் பத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றிவிடுவார்கள். அந்த எண் கடைசியாக ஓட்டிய மலைப்பாதை மைலேஜை வைத்துப் போட்ட கணக்கு. இறங்க ஆரம்பித்தால் எண் குறைவதற்குப் பதில் ஏறும். மேலே வர 9 லிட்டர் ஆனது, திரும்பிப் போக நாலரை போதும். கொடுத்த அளவுக்கு மேல் டேங்கில் மிஞ்சுகிற பெட்ரோலுக்குப் பெரும்பாலும் யாரும் காசு திருப்பித் தருவதில்லை. ஊட்டியில் போடுவதென்றால் ஐந்து லிட்டர் போதும், மீதியைக் கோவையில் வந்து சரிக்கட்டலாம். அதற்காக ரிசர்வ் விளக்கு எரிகிறபோது இறங்கவும் கூடாது. சரிவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். டேங்குக்குள் இருக்கும் அந்த பம்ப்பைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான்.

ஏறும்போது மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போவது சிக்கனம் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வேகம் வராவிட்டால் இன்ஜின் கூடுதல் பெட்ரோலைத்தான் குடிக்கும். இரண்டாவதுக்கு இறக்கி 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்மில் விடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே கியரை மாற்ற வேண்டும், வளைவுக்குள் அல்ல. வரிசையில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்ச் தீய்ந்த வாடை வந்தால் டெபாசிட்டிலிருந்து போகிற தொகை பெட்ரோல் செலவையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். டயர் காற்றை மேட்டுப்பாளையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வாடகை வண்டிகளில் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிற பேச்சு இன்னும் ஓயவில்லை. கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும், போதாததற்கு பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். இரண்டாவது கியரில் இறங்கி, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். சாவியை அணைப்பது தற்கொலைக்குச் சமம்: இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும்) வண்டியில் கியர் தானாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மேனுவல் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த வண்டி எடுப்பது? ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவுக்கு இழுவையும் குறையும். ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் வண்டியில் நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் திணறும். இரண்டு பேருக்குச் சரி. 1.2 போதுமானது, டர்போ பெட்ரோல் அல்லது டீசல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆக்டேன் அதிகமான பிரீமியம் பெட்ரோலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண், உயரத்தில் ஆக்டேன் தேவை குறையத்தான் செய்யும். மின்சாரக் கார் எடுத்தால் ஏற்றத்துக்குக் கூடுதலாக 9 யூனிட் வரை ஆகும், இறக்கத்தில் அதில் பாதிக்கு மேல் திரும்பும். ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, மோட்டார் பிடிமானமும் குறையும். எண்பதில் நிறுத்துங்கள்.

நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது, விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும், அது வண்டி எண்ணை வைத்துத்தான் கிடைக்கும். சில நிறுவனங்கள் எண்ணைக் கிளம்பும் அன்றுதான் சொல்கின்றன. 2025 சீசனில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். முதல் நாளே எண் தராத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். அந்த வழியில் இடையிடையே ஏற்றமும் உண்டு, கணக்கில் ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பும் நாளில் ஒப்படைக்கும் இடத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற பங்க்கில் போடுங்கள். டேங்க் டு டேங்க் என்றால் நாசில் முதல் முறை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள், ரவுண்டாக்க விட வேண்டாம். லிட்டரும் நேரமும் அச்சான பில்லை வாங்கி வையுங்கள். வண்டியைத் திரும்ப வாங்குகிறவர் மீட்டரைப் பார்த்து, வாடகை முடிந்ததற்கான பதிவு உங்கள் போனுக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.