"அந்தச் சீட்டைக் கொஞ்சம் கொடுங்க": கையில் கிம்மிக் இருக்கும்போது எந்த வழி?

சீட்டு மேஜிக் செய்யும் யாருக்கும் இந்தக் கோரிக்கை புதிதல்ல. வித்தை முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் எதிரிலிருந்து ஒரு கை நீளும். "அதைக் கொஞ்சம் கொடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்." சாதாரணச் சீட்டு என்றால் கவலையில்லை. இரண்டு பக்கமும் பின்புற டிசைனே அச்சிட்ட டபுள் பேக்கரோ, முகம் மடிந்து திறக்கும் ஃபிளாப் கார்டோ கையில் இருந்தால்தான் உள்ளங்கை வியர்க்கும். இப்படி ரகசிய வேலைப்பாடு செய்த சீட்டைத்தான் கிம்மிக் என்போம்.

மறுப்பது, கேட்க இடமே கொடுக்காமல் அடுத்ததற்குத் தாவுவது, யாரும் அறியாமல் மாற்றிக் கொடுப்பது, முன்கூட்டியே சோதிக்கக் கொடுப்பது, சோதனையைத் தாங்கும் கிம்மிக்கை மட்டும் வைத்துக்கொள்வது. மேஜிக்காரர்களின் விடைகள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும். எதை எடுத்தாலும் ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்: கேட்பவர் மனதில் ஓடும் சந்தேகம் எது? பார்வையாளருக்கு டபுள் பேக்கர் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. "எல்லாச் சீட்டும் ஒரே சீட்டு", "ரெண்டு ராணி இருக்கு", "இந்தச் சீட்டுல ஏதோ ஒட்டியிருக்கு" என்று ஏதோ ஒரு எளிய ஊகம்தான் அவரிடம் இருக்கும். அந்த ஊகத்தைத் தீர்த்துவிட்டால் பெரும்பாலும் நீட்டிய கை தானாகவே இறங்கிவிடும்.

முதலில் மறுப்பு. மேடைக்கும் மேசைக்கும் இதில் ஏகப்பட்ட வித்தியாசம். மேடையில் நிற்பவரிடம் யாரும் எழுந்து வந்து கேட்பதில்லை. கேட்டாலும் "கொடுத்தா நாளைக்கு நீங்க என் இடத்துல நிப்பீங்களே" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், கூட்டமும் சிரிக்கும். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அதே நகைச்சுவையைச் சொல்லிப் பாருங்கள். அவரும் சிரிப்பார், ஆனால் 'அப்போ சீட்டுலதான் விஷயம்' என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிடுவார். நேருக்கு நேர் செய்யும் வித்தையில் மறுப்பு என்பது பாதி ஒப்புதல் வாக்குமூலம். மேசையிலும் மறுப்பு சரியாக அமைவது ஓரிடத்தில்தான். ஒவ்வொரு வித்தைக்குப் பின்னும் விடாமல் கேட்டு மற்றவர்களின் ரசனையைக் கெடுப்பவர் ஒருவர் இருந்தால், இன்முகத்தோடு ஒருமுறை 'இல்லை' சொல்வதில் தப்பில்லை.

தாவுவது இதைவிடப் பல மடங்கு மேல். அந்தக் கேள்வி எங்கே பிறக்கிறது என்று கவனித்தால் காரணம் புரியும். உச்சக்கட்டம் முடிந்த பிறகு வரும் அமைதியில், மேஜிக்காரரே சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால், எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும். கண் போன இடத்துக்குக் கையும் வரும். அதே கணத்தில் அவர் தலை நிமிர்ந்து, சீட்டை நினைத்தவரின் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால், கூட்டமும் சீட்டை விட்டுவிட்டு அந்த முகத்தைத்தான் பார்க்கும்.

இன்விசிபிள் டெக் இதற்கு நல்ல உதாரணம். மேஜிக்காரர் ஜோ பெர்க் 1936இல் வெளியிட்ட அல்ட்ரா மென்டல் என்ற கட்டுதான் இதன் மூலம். சீட்டுகளின் பின்பக்கத்தில் சொரசொரப்பான பூச்சு பூசி, இரண்டிரண்டாக முதுகோடு முதுகாக ஒட்டி நிற்க வைப்பதுதான் இதன் ரகசியம். பார்வையாளர் எந்தச் சீட்டைச் சொன்னாலும் அது ஒன்று மட்டும் கட்டுக்குள் தலைகீழாக, அதாவது மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும். கட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது, வேலை முடிந்ததும் பெட்டிக்கே திரும்பிப் போகிறது. அதில் யாருக்கும் உறுத்தல் இருக்காது. ஆனால் அவசரமாகத் திணிக்கக் கூடாது. பதற்றத்தோடு பைக்குள் போகும் கட்டு, கேட்காதவரையும் கேட்க வைத்துவிடும்.

தாவுவதில் ஒரு ஓட்டை உண்டு. பேசாமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்து நீங்கள் கிளம்பும் நேரத்தில் வந்து கேட்பவர்களிடம் இது செல்லாது. அங்கேதான் மாற்றிக் கொடுப்பது கைகொடுக்கிறது.

ஒரே ஒரு சீட்டை மாற்றுவதும் முழுக் கட்டையும் மாற்றுவதும் ஒன்றல்ல. சாதாரணக் கட்டுக்குள் ஒரே ஒரு கிம்மிக் என்றால் கையிலிருக்கும் சீட்டைக் கட்டின் மேல்சீட்டோடு மாற்றிவிடும் டாப் சேஞ்ச் போன்ற ஒரு அசைவில் கிம்மிக் கட்டோடு தங்கிவிடும், பார்வையாளர் கைக்கு நல்ல சீட்டு போய்விடும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் கிம்மிக்கை உள்ளங்கையில் மறைத்துப் பைக்கு அனுப்பிவிட்டால் மிச்சக் கட்டையும் கொடுத்துவிடலாம். பார்ப்பதற்கு எதுவுமே இல்லாத நிலைமை. இதற்கு முன்தயாரிப்பு வேண்டும். கிம்மிக் சீட்டுகளில் பெரும்பாலானவை பைசைக்கிள் பிராண்டின் ரைடர் பேக் என்ற பின்புற டிசைனில்தான் கிடைக்கின்றன. கட்டும் அதே டிசைன், அதே நிறமாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, பழசும் ஒத்துப்போக வேண்டும். நாள்பட்ட கட்டின் அழுக்கேறிய ஓரத்துக்கு நடுவே புதுக் கிம்மிக்கின் வெள்ளை ஓரம் பளிச்சென்று கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

முழுக் கட்டை மாற்றும்போது எந்தக் கிம்மிக் கட்டு என்பதைப் பொறுத்துச் சுலபமோ சிக்கலோ அமையும். ஸ்வெங்காலி கட்டில் பாதிச் சீட்டுகள் ஒரே சீட்டு. அவை கொஞ்சம் குட்டையாக வெட்டப்பட்டு மற்றவற்றோடு ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பார்வையாளர் எடுக்கப்போகும் சீட்டு எது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் பையில் இருக்கும் சாதாரணக் கட்டை அதற்கேற்பத் தயாராக வைத்துக்கொள்ளலாம். "எல்லாமே ஒரே சீட்டுதானே?" என்று கேட்பவர் அந்தக் கட்டை விரித்துப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போவார். இன்விசிபிள் டெக்கில் அப்படி முடியாது. அவர் எதைச் சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? தலைகீழாகக் கிடந்த ஹார்ட் ராணியை மேசையிலேயே விட்டுவிட்டு, மாற்றுக் கட்டை நீட்டினால், அதற்குள் இன்னொரு ஹார்ட் ராணி உட்கார்ந்திருப்பாள். ஆகவே வெளியே எடுத்த சீட்டையும் கட்டோடு சேர்த்தே உள்ளே போட வேண்டும், அப்புறம்தான் மாற்று.

எதை மாற்றினாலும் நேரம்தான் முக்கியம். "கொடுங்க" என்று கேட்ட பிறகு மாற்ற நினைப்பது தற்கொலை முயற்சி, எல்லாக் கண்ணும் கையில்தான் இருக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோ இருக்கும் தளர்ந்த நொடியிலேயே வேலை முடிந்திருக்க வேண்டும். கேட்கும்போது கிம்மிக் எதுவும் கையில் இல்லாமல் நீங்கள் ஏற்கெனவே சுத்தமாக இருந்தால் கொடுக்கும் கையில் நடுக்கம் இருக்காது. அந்த நிதானமே பாதிச் சந்தேகத்தைத் துடைத்துவிடும்.

முன்கூட்டியே சோதிக்கக் கொடுக்கும் பழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன். "இது சாதாரணக் கட்டுதான், நல்லாப் பார்த்துக்குங்க" என்று ஆரம்பிப்பது எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான். அதுவரை யாரும் கட்டைச் சந்தேகிக்கவில்லை, சந்தேகத்தை ஊட்டியதே நீங்கள். அதற்குப் பதிலாக எதுவும் சொல்லாமல் சாதாரணக் கட்டை அவரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லுங்கள். கலைப்பவர் சீட்டுகளைத் தொடுகிறார், முகங்களைப் பார்க்கிறார். சோதித்ததாக அவருக்குத் தெரியாது, ஆனால் சோதித்துவிட்டார். கிம்மிக் அதற்குப் பிறகு உள்ளே வரட்டும். இருந்தாலும் இது ஆரம்பத்தை மட்டுமே காப்பாற்றும். முடிவில் கிம்மிக் இன்னும் கட்டுக்குள்தான் இருக்கும், வெளியேற்றும் வேலை அப்படியே பாக்கி.

சோதனையைத் தாங்கும் கிம்மிக் என்றால் ஸ்ட்ரிப்பர் கட்டு, பின்பக்கத்தில் ரகசியமாகக் குறியிட்ட கட்டு, ஒரு குட்டைச் சீட்டு போன்றவை. சீட்டை வாங்கும் பெரும்பாலானவர்கள் முதலில் முகங்களை விரித்து ஒரே சீட்டு திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பின்பக்கத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் ஒன்றிரண்டை வளைத்தோ தேய்த்தோ பார்ப்பார்கள். ஸ்ட்ரிப்பர் கட்டின் ஒரு முனை லேசாகக் குறுகியிருப்பதை யாரும் அளப்பதில்லை. சிறுவயதில் மேஜிக் பெட்டி வாங்கி விளையாடியவர் மட்டும் விதிவிலக்கு, அவர் கை தானாகவே ஓரத்தைத் தடவும். டபுள் பேக்கர், ஃபிளாப் கார்டு அளவுக்கு அதிசயமான விளைவுகள் இவற்றில் வராது என்பதுதான் குறை.

கிம்மிக்கே வேண்டாம், எல்லாவற்றையும் கைத்திறனால் செய்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சரி, மரியாதையான நிலைப்பாடு. ஆனால் கைத்திறனுக்கே பேர்போன டாய் வெர்னான்தான் பிரெய்ன்வேவ் என்ற கிம்மிக் கட்டையும் உருவாக்கினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதில் சொன்ன சீட்டு தலைகீழாகக் கிடப்பதோடு அதன் பின்பக்க நிறமும் வேறாக இருக்கும். விரித்துக் கொடுத்தால் ரகசியம் பாழ், ஆனால் அந்த விளைவைச் சாதாரணக் கட்டில் அவ்வளவு சுத்தமாகக் கொண்டுவருவது சுலபமில்லை.

"ரெண்டு ராணி இருக்கு" என்ற சந்தேகத்துக்கு மட்டும் தனி மருந்து இருக்கிறது, கையெழுத்து. சீட்டில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டால் இரட்டைச் சீட்டு என்ற எண்ணம் எழவே எழாது. ஒற்றைக் கிம்மிக்கோடு செய்யும் வித்தைகளில் இதை முடிந்தவரை சேர்த்துக்கொள்வேன்.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மேசையருகே செய்வதென்றால் ஒரே ஒரு கிம்மிக், சாதாரணக் கட்டு, கேட்பதற்கு முன்பே மாற்று. இதைவிடச் சிறந்த வழி எனக்கு எதுவும் இல்லை. முழுக் கிம்மிக் கட்டு என்றால் அதை முதல் வித்தையாக வைத்து, பெட்டிக்குள் போட்டு, மாற்றுக் கட்டோடு அடுத்த வித்தைக்குத் தாவி, அங்கே பார்வையாளரையே கலைக்க வைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கட்டும் அவர் நினைவில் ஒன்றாகிவிடும், "நான்தானே கலைச்சேன்" என்று அவரே மற்றவரிடம் சாட்சி சொல்வார். மேடையில் என்றால் மாற்றும் பயிற்சிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், தாவுவதே போதும்.

கேட்காமலேயே பிடுங்குபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குறிப்பாகக் குழந்தைகள். அவர்கள் கையிலிருந்து திரும்பப் பறித்தால் கதை அத்தோடு முடிந்தது. இன்னொரு பையில் சாதாரணக் கட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். "இந்தா, இதுல நீயே செய்யேன்" என்று அதை நீட்டினால், புதுக் கட்டை வாங்குவதற்காக கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள். போட்டதை மெதுவாக எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம்.